ஈகையும் குறியெதிர்ப்பையும்: நத்தார்ப் பரிசின் வரலாறு

இலங்கைத் தமிழர் கிறிஸ்து பிறப்பு விழாவை நத்தார் என்று வழங்குவர். பிறப்பு என்னும் பொருள்படும் நத்தால் என்ற போத்துக்கேயச் சொல்லே தமிழர் நாவில் நத்தார் என்றாயிற்று. சொல்லின் பொருள் பிறப்பு ஒன்றே; அதனுள் பரிசும் இல்லை, பண்டமும் இல்லை. ஆயினும், மார்கழி மாதம் பிறந்துவிட்டால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், லண்டனிலும் நியூயோர்க்கிலும், கடைத்தெருக்களே அவ்விழாவின் வரவை முதலில் அறிவிக்கின்றன. ஆலயமணி ஒலிப்பதற்கு முன்பே கடை விளக்குகள் ஒளிர்கின்றன. விழாவின் உயிர் பரிசுப் பொதிக்குள் அகப்பட்டுக் கொண்டதோ என்று பெரியோர் பலர் வருந்துவதும் ஆண்டுதோறும் கேட்கும் குரலாகிவிட்டது.

இவ்வருத்தம் நியாயமானதா என்பதை ஆராயப் புகுமுன், கொடுத்தல் என்னும் செயலை இரண்டாகப் பிரித்துக் காட்டிய வள்ளுவரை நினைத்தல் தகும். வறியவருக்கு வழங்குவதையே அவர் ஈகை என்றார். மற்றைய கொடைகளைக் குறியெதிர்ப்பை என்னும் அரிய சொல்லால் சுட்டினார். அயல் வீட்டில் ஒரு கொத்து அரிசியைக் கைமாற்றாக வாங்கியவர், அதே அளவை நாலு நாட்களில் திருப்பி அளந்து கொடுப்பார் அல்லவா? அதுவே குறியெதிர்ப்பை. அதில் தவறு யாதுமில்லை. அயலவர் வாழ்க்கைக்கு அஃது இன்றியமையாததுங்கூட. ஆனால் அதற்கு ஈகை என்று பெயரிடலாகாது. இந்த இரண்டு சொற்களையும் கைவிளக்காகக் கொண்டு பார்த்தால், நத்தார்ப் பரிசின் வரலாறு தெளிவாகப் புலனாகும்.

கிறிஸ்துவின் பிறப்பைக் கூறும் சுவிசேஷங்கள் இரண்டு. மத்தேயு எழுதியதில் கீழ்த்திசை ஞானிகள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டு வருகின்றனர். லூக்கா எழுதியதில் வயல்வெளியில் மந்தை காத்திருந்த இடையர் வருகின்றனர். அவர்கள் கையில் ஏதும் கொண்டுவந்ததாக நூல் கூறவில்லை. வெறுங்கையோடு வந்தவருக்கும் முன்னணைக்கு அருகில் இடம் இருந்தது. அதே லூக்காவின் நூலில், பிற்காலத்தில் இயேசு விருந்தைப்பற்றிக் கூறிய போதனையும் உண்டு. விருந்து செய்பவன் நண்பரையும் உறவினரையும் செல்வரான அயலவரையும் அழைத்தால் அவர்கள் திருப்பி அழைத்துக் கைம்மாறு செய்துவிடுவர். ஆதலால் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கவேண்டும், அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது என்பதே அதன் சாரம். வள்ளுவர் வகுத்த பிரிவினையும் இப்போதனையும் ஒரே இடத்தில் வந்து சந்திப்பது வியத்தற்குரியது.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் இப்பிறப்பைப் பெருவிழாவாகக் கொண்டாடவில்லை. வேதாகமத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பாரவோனும் ஏரோதுவுமே என்று மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞரான ஒரிஜன் சுட்டிக்காட்டி, அவ்வழக்கத்தையே இகழ்ந்தார். டிசம்பர் 25 ஆம் திகதி கிறிஸ்து பிறந்த நாளாக உரோமாபுரியில் குறிக்கப்பட்டமைக்கு 336 ஆம் ஆண்டைச் சார்ந்த குறிப்பொன்று சான்றாகின்றது. அதே நகரில், அதே மாதத்தில், அதற்கு முன்பே வேறொரு விழா நிலைபெற்றிருந்தது. சற்றர்னேலியா என்னும் அவ்விழா நாட்களில் உரோமர் மெழுகுதிரிகளையும் சிறு மண்பாவைகளையும் ஒருவருக்கொருவர் வழங்கினர். அப்பாவைகளை விற்பதற்கெனத் தனிச் சந்தையும் கூடிற்று. சில வீடுகளில் ஆண்டான் அடிமைக்கு உணவு பரிமாறினான். விழா முடிந்ததும் ஆண்டான் ஆண்டானாகவும் அடிமை அடிமையாகவுமே இருந்தனர். ஆதலால், மார்கழிக் கொடையும் மார்கழி வாணிகமும் கிறிஸ்தவ விழாவுக்கும் மூத்தவை. இன்றைய கடைத்தெருவைக் கண்டு இது நேற்று வந்த கேடு என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

கிறிஸ்தவ மரபில் கொடையின் முகமாக விளங்கியவர் புனித நிக்கலஸ். நான்காம் நூற்றாண்டில், இன்று துருக்கி நாட்டில் அடங்கும் மீரா நகரத்தின் ஆயராக இருந்தவர் இவர். இவரைப்பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று தமிழர் நெஞ்சைத் தனியே தொடவல்லது. வறுமையுற்ற தந்தை ஒருவனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. மணமின்றி இழிவான வாழ்வில் வீழவேண்டிய நிலை அப்பெண்களுக்கு நேர்ந்தது. நிக்கலஸ் இரவில் வந்து, பொன் முடிப்பு ஒன்றைச் சாளரத்தின் வழியே எறிந்துவிட்டு மறைந்தார். மூத்தவளுக்கு மணம் முடிந்தது. மீண்டும் ஒரு முடிப்பு, பின்னும் ஒன்று. கொடுத்தவர் யாரென்று அறிய அத்தந்தை ஒளிந்திருந்து பார்த்தான் என்றும், கண்டுபிடிக்கப்பட்ட நிக்கலஸ் தம் பெயரை வெளியிடவேண்டாமென்று கேட்டுக்கொண்டார் என்றும் கதை முடிகின்றது. வரலாற்றாசிரியர் இதனை மரபுக் கதையென்றே கொள்வர். எனினும், ஒரு மக்கட் கூட்டம் எதனைக் கொடை என்று மதித்தது என்பதற்குக் கதையே தக்க சான்று. இருளில் கொடுத்தல், பெயரின்றிக் கொடுத்தல், திருப்பித்தர இயலாதவருக்குக் கொடுத்தல் என்னும் மூன்றும் அதில் அடங்கியுள்ளன. ஐரோப்பாவின் வடபகுதிச் சிறுவர்கள் அவருடைய திருநாளாகிய டிசம்பர் 6 ஆம் திகதிக்கு முந்திய இரவில் தங்கள் காலணிகளை வைத்துப் பரிசுக்குக் காத்திருந்ததும் இக்கதையின் வழிவந்த வழக்கமே.

1223 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரெச்சியோ என்னும் மலையூரில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் செய்தது இவ்வரலாற்றின் அடுத்த படி. பெத்லகேமில் பிறந்த பாலன் எத்துணை வறுமையில் கிடந்தான் என்பதைத் தம் ஊனக்கண்ணாற் காணவேண்டுமென்று அவர் விரும்பினார். அவ்வூர்ப் பிரபுவான யோன் என்பவர் உதவ, வைக்கோல் நிரப்பிய முன்னணையும் எருதும் கழுதையும் கொண்டுவரப்பட்டன. தீவர்த்திகளை ஏந்தி ஊரவர் இரவில் மலையேறினர். பூசை அம்முன்னணையின் மேலேயே நடந்தது. இன்று யாழ்ப்பாணத்து வீடுகளில் அமைக்கப்படும் பாலன் குடில் வரை நீளும் ஒரு வழக்கத்துக்கு அவ்விரவு பெரும் ஊக்கமளித்தது. பிரான்சிஸின் வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தோமஸ் மற்றுமொரு செய்தியும் கூறுகின்றார். அத்திருநாளில் செல்வர் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்கவேண்டும், எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்திலும் மிகுதியாகத் தீனி வைக்கவேண்டும் என்பது பிரான்சிஸின் விருப்பம். அரசனைக் காணும் பேறு கிடைத்தால், பறவைகளுக்காகத் தெருவெங்கும் தானியம் தூவுமாறு ஆணையிட வேண்டுவேன் என்றும் அவர் கூறினாராம். பறவை எதனைத் திருப்பித் தரும்?

பரிசு ஒன்றுமே இல்லாத நத்தாரும் உண்டு. அதனை ஈழநாட்டு வரலாறு அறியும். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவர் இன்றி வாழ்ந்த அம்மக்களைத் தேடி, 1687 ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை அடையாளங் கண்டார். சில்லாலை ஊரவர் அவரை மறைத்துக் காத்தனர். பகலில் ஒளிந்திருந்தார், இரவில் வீடுகளுக்குள் பூசை செய்தார்.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பூசைக்காக வீடுகளில் இரகசியமாகக் கூடினர். செய்தி ஒல்லாந்த அதிகாரிகளுக்கு எட்டியது. போர்வீரர் அவ்வீடுகளுட் புகுந்து, ஆண் பெண் என்று பாராமற் பலரையும் சிறைப்பிடித்தனர். அடிகள் அவர்கள் கையில் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுட் சிலர் கொடிய அடிக்கும் நெடுஞ்சிறைக்கும் ஆளாயினர். ஒல்லாந்தர் சமயத்தை விட்டுக் கத்தோலிக்கரான தொன் பேதுரு என்பவர் அடியுண்டு மாண்டார் எனச் சமய வரலாறுகள் கூறுகின்றன. அன்றிரவு அக்கூட்டத்தினரிடம் பரிசும் இல்லை, பண்டமும் இல்லை, விளக்கை உயர ஏற்றவும் வழியில்லை. விழாவுக்கு அவர்கள் செலுத்திய விலை கடையிற் செலுத்தும் விலையன்று. நத்தார் என்பது எதனை நீக்கினாலும் எஞ்சி நிற்கும் என்று கேட்போருக்கு அந்த இரவே விடை. யோசேவாஸ் அடிகள் பின்னர் கண்டி இராச்சியம் சென்று பணிபுரிந்து, 1711 ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். 2015 ஆம் ஆண்டில் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இனி, இன்றுள்ள நத்தாரின் தோற்றத்தைக் காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டன் மாநகரத்துக்குச் செல்லவேண்டும். 1843 ஆம் ஆண்டு அங்கே இரண்டு புதுப்பொருள்கள் வெளிவந்தன. ஒன்று, ஹென்றி கோல் என்பவர் அச்சிடுவித்த வாழ்த்து மடல். யோன் ஹோஸ்லி என்னும் ஓவியர் வரைந்த அம்மடலின் நடுவே ஒரு குடும்பத்தினர் கிண்ணம் ஏந்தி மகிழ்ந்திருந்தனர். இருமருங்கிலும் பசித்தவருக்கு உணவளிக்கும் காட்சியும் ஆடையற்றவருக்கு ஆடையளிக்கும் காட்சியும் தீட்டப்பட்டிருந்தன. 1,000 படிகள் அளவில் அச்சாகி, ஒன்று ஒரு சிலிங் விலைக்கு விற்கப்பட்டது; அக்காலத்து உழைப்பாளிக்கு அது பெருந்தொகை. மற்றையது, அவ்வாண்டு டிசம்பர் 19 ஆம் திகதி வெளியான சாள்ஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்மஸ் கரோல்’ என்னும் சிறு நூல்.

அந்நூல் பிறந்த கதை கவனிக்கத்தக்கது. டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதில், தந்தை கடனுக்காகச் சிறையிலிருந்த வேளையில், காலணி மை அடைக்கும் தொழிற்சாலையிற் கூலிக்கு உழைத்தவர். 1843 இல், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர் படும் துன்பத்தைப்பற்றிய அரசாங்க விசாரணை அறிக்கையைப் படித்து உள்ளம் கொதித்தார். ஏழைச் சிறுவருக்கான பள்ளி ஒன்றையும் நேரிற் சென்று பார்த்தார். முதலில் ஒரு துண்டு நூலாற் கண்டனம் செய்ய எண்ணியவர், கதையே வலிமை மிக்கது என்று கருதி அதனை எழுதினார். கருமியான ஸ்குரூஜ் மனந்திரும்பியதும், தன் எழுத்தன் வீட்டுக்குப் பெரிய வான்கோழி ஒன்றை அனுப்புகின்றான். யார் அனுப்பியது என்பதை அவன் தெரிவிக்கவில்லை. மீரா நகரத்துச் சாளரத்தில் எறியப்பட்ட பொன் முடிப்பே இங்கு வேறு வடிவில் மீண்டும் வந்தது. கிறிஸ்து பிறப்புக்கு முன்பே 6,000 படிகளும் விற்றுத் தீர்ந்தன. மடலும் நூலும் விலைபெற்ற பண்டங்களே. ஆயினும் இரண்டிலும் ஏழையின் உருவம் அகலாது நின்றது. பின்வந்த மடல்களில் பனியும் பறவையும் பூங்கொத்தும் பெருகின. ஓரத்தில் நின்ற ஏழை மெல்ல மறைந்தான்.

அமெரிக்காவில் மாறுதல் வேறு வழியில் வந்தது. நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் 1823 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் திகதி, நிக்கலஸ் இரவில் கலைமான் பூட்டிய வண்டியில் வந்து சிறுவரின் காலுறைகளை நிரப்பும் பாட்டொன்று ஆசிரியர் பெயரின்றி வெளியானது. பின்னர் அது கிளெமென்ற் மூர் என்னும் அறிஞர் இயற்றியது என வழங்கிற்று. 1863 ஆம் ஆண்டு முதலாக தோமஸ் நாஸ்ட் என்னும் சித்திரக்காரர் பருத்த உடலும் நீண்ட தாடியும் உடைய நத்தார் தாத்தாவைப் பத்திரிகைகளில் வரைந்து நிலைநாட்டினார். சீதனமற்ற பெண்களின் சாளரத்தைத் தேடிச் சென்ற ஆயர், இப்பொழுது ஒவ்வொரு வீட்டுப் புகைபோக்கியையும் தேடி வந்தார். வீட்டுச் சிறுவர் மகிழ்ந்தனர், அதிற் குறையில்லை. ஆனால் கொடையின் திசை தெருவிலிருந்து வீட்டுக்குள் திரும்பிற்று. கடைகளும் அத்திசையை அறிந்துகொண்டன. நியூயோர்க்கின் மேசி அங்காடி 1867 ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில் நள்ளிரவு வரை திறந்திருந்தது. உலகெங்கும் பேரங்காடிகள் அவ்வழியைப் பின்பற்றின.

அந்த நள்ளிரவு விளக்கின் மறுபக்கத்தில் நின்றவர்கள் கடைப் பெண்களும் பொதி சுமக்கும் சிறுவர்களும். நத்தாருக்கு முந்திய வாரங்களில் அவர்கள் காலை முதல் நள்ளிரவு வரை நின்றுகொண்டே உழைத்தனர். திருநாள் வந்தபொழுது அவர்களுக்கு எஞ்சியது களைப்பும் நோயுமே. இவர்களுக்காகக் குரல் எழுப்பிய பெண்மணிகளுள் யோசபீன் லோவல் முதன்மையானவர். 1891 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நுகர்வோர் கழகம் அமைந்தபொழுது அவர் அதன் தலைமையை ஏற்றார். தொழிலாளரை நேர்மையாக நடத்தும் கடைகளின் பெயர்களை வெள்ளைப் பட்டியல் என்று வெளியிட்டு, அக்கடைகளிலேயே வாங்குமாறு மக்களைத் தூண்டினார். 1899 இல் அமைந்த தேசிய நுகர்வோர் கழகத்தின் செயலாளரான புளோரன்ஸ் கெலி, அன்பின் திருநாள் தொழிலாளிக்குக் கொடுமையின் காலமாகத் திரிந்துவிட்டதென்று கண்டித்தார். வேண்டிய பொருள்களை முன்கூட்டியே வாங்குங்கள், கடைசி நாட்களின் நெருக்கடியை அவ்வேழைகளின் தோளில் ஏற்றாதீர்கள் என்பது அக்கழகத்தின் வேண்டுகோள்.

துன்பம் உழைப்பிற் மட்டும் இல்லை, பரிசிலும் இருந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்த பெண்கள், நத்தார் வந்தால் தங்கள் மேற்பார்வையாளருக்குப் பரிசு வாங்கப் பணம் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. கொடாதவள் மேலாளரின் முகச்சுளிப்புக்கு அஞ்சவேண்டும். சிற்சிலருக்கு இரண்டு வாரக் கூலிகூட இவ்வழியிற் போயிற்று. வறியவர் வலியவருக்குக் கொடுக்கும் இக்கொடை ஈகையுமன்று, குறியெதிர்ப்பையுமன்று, அது வரி. 1912 ஆம் ஆண்டில் எலினோர் பெல்மன்ட், அன் மோகன் என்னும் இரு செல்வச் சீமாட்டிகள் அத்தொழிற் பெண்களோடு கூடிப் பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். பெல்மன்ட் முன்பு நாடக மேடையிற் புகழ்பெற்றவர். மோகன் நிதித்துறைப் பெருஞ்செல்வரின் மகள். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்றும் அச்சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். பரிசே வேண்டாமென்பது அவர்கள் கொள்கையன்று. அச்சத்தாலும் கட்டாயத்தாலும் கொடுப்பதை நிறுத்துவதே அவர்கள் நோக்கம். தனித்து மறுத்தால் வேலை போகும் என்று அஞ்சிய பெண், ஆயிரம் பேரோடு சேர்ந்து மறுத்தபொழுது அச்சம் நீங்கினாள்.

அதே 1912 ஆம் ஆண்டு நத்தாரில், அதே நகரத்தின் மடிசன் சதுக்கப் பூங்காவில், மின்விளக்குகள் பூண்ட பெருமரம் ஒன்று நிறுத்தப்பட்டது. வீட்டில் மரம் வைக்க வசதியற்றவரும் வந்து கண்டு மகிழ்வதற்கான பொதுமரம் அது. யாருக்கும் உரியதன்று, ஆதலால் எல்லோருக்கும் உரியதாயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1914 ஆம் ஆண்டு நத்தார் ஐரோப்பாவை முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகளிற் கண்டது. திருநாளிலாவது துப்பாக்கிகள் ஓயட்டும் என்று பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ற் விடுத்த வேண்டுகோளை அரசுகள் ஏற்கவில்லை. பிரித்தானிய அரசரின் மகளாகிய பதினேழு வயது இளவரசி மேரியின் பெயரால் மக்களிடம் நிதி திரட்டி, போர்வீரருக்குப் பித்தளைப் பேழைகள் அனுப்பினர். பலவற்றில் புகையிலை இருந்தது. இந்திய வீரர் சிலருக்கு இனிப்பும் வாசனைத் திரவியமும் வைத்தனர். மறுபுறம் ஜேர்மன் வீரர் தங்கள் குழிகளின் விளிம்பில் மெழுகுதிரி ஏற்றிய சிறு மரங்களை நிறுத்திப் பாடினர். போர்முனையின் பல இடங்களில் இரு திறத்தாரும் வெளியே வந்தனர். இடைவெளியிற் கிடந்த பிணங்களைப் புதைத்தனர். பின்னர் புகையிலையையும் உணவையும் சட்டைப் பொத்தான்களையும் மாற்றிக்கொண்டனர். வேறு சில இடங்களில் அன்றும் சூடு ஓயவில்லை, மாண்டவரும் உளர். அடுத்த ஆண்டு அவ்வாறு நிகழலாகாதென்று தளபதிகள் கடுமையாகக் கட்டளையிட்டனர். அளவு பார்த்தால் அப்பொத்தான் மாற்றமும் குறியெதிர்ப்பையே. ஆனால் நேற்றுவரை உயிரைப் பறிக்க முயன்றவனிடம் வெறுங்கையோடு நடந்து சென்றது எந்த அளவையாலும் அளக்கமுடியாத கொடை.

போருக்குப் பின்னர் வாணிகத்தின் கை ஓங்கிற்று. முன்கூட்டியே வாங்குங்கள் என்று தொழிலாளியின் பொருட்டுப் பிறந்த வாசகம், வியாபாரிகளின் விளம்பரமாக மாறியது. வாங்கும் நாட்கள் குறையவில்லை, நீண்டன. 1939 ஆம் ஆண்டில் அமெரிக்க நன்றியறிதல் திருநாள் நவம்பர் 30 இல் வரவிருந்தது. அதன்பின் நத்தாருக்கு எஞ்சும் விற்பனை நாட்கள் போதா என்று வியாபாரிகள் முறையிட, ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் அதனை நவம்பர் 23 க்கு மாற்றினார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. 1941 இல் இயற்றிய சட்டமே அத்திருநாளை நவம்பரின் நாலாவது வியாழனில் நிலைநிறுத்திக் குழப்பத்தைத் தீர்த்தது. நாட்டின் பஞ்சாங்கத்தையே கடைத்தெரு அசைத்த காலம் அது.

ஆயினும், வாணிகம் முழுவதும் ஈரமற்றது என்று தீர்ப்பளிப்பதும் பிழை. அதே 1939 ஆம் ஆண்டில், சிக்காகோ நகர விற்பனை நிறுவனம் ஒன்றின் ஊழியரான ரொபேட் மே, சிறுவருக்கு இலவசமாக வழங்குவதற்கென ருடோல்ப் என்னும் செம்மூக்குக் கலைமானின் கதையை எழுதினார். அதனை எழுதிய மாதங்களில் அவர் மனைவி புற்றுநோயால் இறந்தார். எல்லோரும் எள்ளிய கலைமானின் கதையைத் தம் சிறு மகளுக்குப் படித்துக் காட்டியே அவர் எழுதி முடித்தார். நிறுவனம் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட படிகளை வழங்கியது. மருத்துவச் செலவாற் கடன்பட்டிருந்த அவருக்கு, 1947 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் அக்கதையின் உரிமையையே விட்டுக்கொடுத்தது. விளம்பரத்தின் நடுவிலும் ஒரு மெய்யான கொடை இவ்வாறு நிகழ்ந்தது.

கனடா நாட்டு ஹலிபக்ஸ் துறைமுகத்தின் வரலாறும் இதனை வலியுறுத்தும். 1917 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் திகதி, அதாவது நிக்கலஸின் திருநாளன்று, வெடிமருந்து ஏற்றிய மொன்ட்பிளாங் என்னும் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். நகரின் வடபகுதி தரைமட்டமாயிற்று. செய்தி கேட்ட பொஸ்ரன் நகரத்தார் அன்றிரவே மருத்துவரையும் தாதியரையும் மருந்தையும் ஏற்றி ரயில் அனுப்பினர். கடும்பனிப்புயலைக் கடந்து அவ்வண்டி சென்றடைந்தது. அடுத்த ஆண்டு ஹலிபக்ஸ் மக்கள் நன்றியாக ஒரு நத்தார் மரத்தைப் பொஸ்ரனுக்கு அனுப்பினர். 1971 ஆம் ஆண்டில் நத்தார் மர வணிகர் சங்கமொன்று அவ்வழக்கத்தைப் புதுப்பித்தது. தங்கள் மரங்களுக்குச் சந்தை தேடுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். அன்று முதல் ஆண்டுதோறும் நோவாஸ்கோஷியா மாகாணத்திலிருந்து மரம் செல்கின்றது. வணிகமும் நன்றியும் ஒரே மரத்திற் கிளைவிட்டுள்ளன. எனினும் அம்மரத்தின் வேர் விற்பனையில் இல்லை. பனியிற் புறப்பட்ட அந்த ரயிலில் உள்ளது.

இலங்கை மக்களுக்கு மறக்கவொண்ணாத நத்தார் ஒன்றுண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் கரையோர ஊர்களில் விழா இனிதே முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமியும் அன்றே. காலையிற் கடல் எழுந்து வந்தது. முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு, அம்பாறை, காலி, மாத்தறை வரையிலும் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாள் அணிந்த புத்தாடையும் பிரித்த பரிசும் வீட்டோடு போயின. அரசாங்க உதவியும் அயல்நாட்டு உதவியும் வந்து சேருமுன், உள்ளூர்களில் அடுப்புகள் மூண்டன. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் விகாரைகளும் பாடசாலைகளும் வந்தவரின் சமயம் கேளாமற் கதவு திறந்தன. தம் வீட்டுக்குச் சமைத்த சோற்றைப் பொதிகளாகக் கட்டி, யாரென்று அறியாதவருக்கு அனுப்பினர் ஊர்ப் பெண்கள். அப்பொதிகளின் மேல் அனுப்பியவர் பெயர் எழுதப்படவில்லை. பெற்றவர் அவற்றைத் திருப்பித் தரவும் இல்லை. எவரும் கேட்கவும் இல்லை.

வரலாறு காட்டுவது இதுவே. கடைத்தெரு நத்தாரைப் படைக்கவும் இல்லை. அதனை முற்றாக அழிக்கவும் வல்லதன்று. உற்றாருக்குக் கொடுத்து உற்றாரிடம் பெறுவது இனிய வழக்கம், அதனைக் கைவிடவேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கம் கடனாக அழுத்தும்பொழுதும், உழைப்பவனின் உறக்கத்தை விலையாகக் கொள்ளும்பொழுதும், விழா தன் பெயரை இழந்துவிடுகின்றது. நத்தாருக்குப் பொருள் வாங்கக் கடைக்குச் செல்வோர் தம் பட்டியலை ஒருமுறை நோக்கி, இதில் உள்ளவருள் திருப்பித் தர இயலாதவர் யார் என்று கேட்டல் நன்று. அப்படி ஒரு பெயரேனும் அதில் இருக்குமாயின், அந்த வீட்டில் நத்தார் பிறந்துவிட்டது எனலாம்.